முதலில் மூச்சு, அப்புறம் மெஷின்

கம்ப்யூட்டர் இதழில் பெயின்ட் அடிக்கும் மெஷினுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? வேலை இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "பழைய கேபினட்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கலர் மாற்றி, அதிலேயே புது மதர்போர்டைப் போடலாமா?" தாராளமாகப் போடலாம். அடுத்த கேள்விதான் சிக்கலானது. "ஆன்லைனில் ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர் எல்லாம் பார்த்தேன். எதை வாங்கலாம்?"

இந்தக் கேள்விக்கு என்னுடைய பதில், பலருக்குப் பிடிக்காத பதில். ஸ்ப்ரே கன்னைக் கடைசியாக வாங்குங்கள். அதற்கு முன் கம்ப்ரஸர். அதற்கும் முன், உங்கள் மூச்சுக்கு வேண்டியதை வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் ஊர் கலவை. ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. முன்பு வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தோலுக்கு நிறமும் பளபளப்பும் வருவது பெரும்பாலும் ஸ்ப்ரே கன்னால் என்பது பலருக்குத் தெரியாது. பதனிட்ட தோலின் மேல் நிறத்தையும், அதன் மேல் லாக்கரையும் காற்றோடு கலந்து தெளிப்பார்கள். என் தாய்மாமா இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொழிற்கூடத்தில் அந்த வேலைதான் பார்த்தார். கார் பெயின்டர், பீரோ பெயின்டர் எல்லோரையும்விட ஸ்ப்ரே கன்னை நன்றாகத் தெரிந்தவர். இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார்.

பெட்டியில் போட்டிருக்கும் எச்.பி.

நான் செய்த தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டை ஒட்டி வண்டி நிறுத்தும் ஒரு ஷெட் இருக்கிறது. அதில் என் பழைய கேபினட்டுக்கும், அப்பாவின் டி.வி.எஸ். 50 வண்டிக்கும் பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் வாங்குகிறவர் பிராசஸரை மட்டும் பார்த்து வாங்குவதைப் போல, நான் கம்ப்ரஸரின் எச்.பி.யை மட்டும் பார்த்து வாங்கினேன். 1 எச்.பி., 24 லிட்டர் டேங்க், 8 பார் அழுத்தம். பெட்டியைப் பார்த்தால் ஆம்பூர் வரைக்கும் பெயின்ட் அடிக்கலாம் போல இருந்தது. கூடவே ஒரு பெரிய எச்.வி.எல்.பி. கன்.

மாமா வந்தார். கன்னைத் திருப்பிப் பார்த்தார். கம்ப்ரஸரைப் பார்த்தார். "காத்து பத்தாதுடா" என்றார்.

நான் நம்பவில்லை. கேபினட்டின் ஒரு பக்கத் தகடு நன்றாக வந்தது. இரண்டாவது தகட்டில் பாதி போவதற்குள் தெளிப்பு தூறலாக மாறியது. பெயின்ட் ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அதிகம்.

அன்று இரவு எக்ஸெல்லைத் திறந்து கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பபரிங் கணக்கு

யூடியூபில் வீடியோ பார்க்கிறீர்கள். வீடியோ ஓட ஒரு வேகம் வேண்டும். உங்கள் இன்டர்நெட் ஒரு வேகத்தில் வருகிறது. முன்கூட்டியே வந்து சேர்ந்த பகுதி பபரில் இருக்கிறது. இன்டர்நெட் வேகம் குறைவு என்றால், பபர் தீரும் வரை வீடியோ ஓடும். தீர்ந்ததும் நின்று வட்டம் சுற்றும்.

ஸ்ப்ரே பெயின்டிங்கும் இதேதான். கன் என்பது வீடியோ. கம்ப்ரஸர் என்பது இன்டர்நெட். டேங்க் என்பது பபர்.

காற்றின் அளவை சி.எப்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். அதாவது ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. 1 சி.எப்.எம். என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28.3 லிட்டர். நான் வாங்கிய கன்னுக்கு 8 சி.எப்.எம். வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 226 லிட்டர். 1 எச்.பி. கம்ப்ரஸர் உண்மையில் தரக்கூடியது 3 சி.எப்.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 85 லிட்டர். பற்றாக்குறை நிமிடத்துக்கு 141 லிட்டர்.

டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது? 24 லிட்டர் டேங்க், 8 பாரிலிருந்து 3 பார் வரை இறங்கலாம் என்றால், 24ஐ 5ஆல் பெருக்குங்கள். 120 லிட்டர் காற்று. கம்ப்ரஸர் முதல் விநாடியிலிருந்தே ஓடினாலும், 120ஐ 141ஆல் வகுத்தால் 51 விநாடி. அவ்வளவுதான். அதன் பிறகு டேங்க் நிரம்ப ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பபரிங்!

அதே கம்ப்ரஸரில் 4 சி.எப்.எம். போதும் என்கிற சிறிய கன்னை மாட்டினால்? பற்றாக்குறை 28 லிட்டர்தான். நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்காமல் அடிக்கலாம். ஒரு கேபினட் தகட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆக, தவறு கம்ப்ரஸரில் இல்லை. கன்னுக்கும் கம்ப்ரஸருக்கும் பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்து வைத்த என்னிடம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. 2000ஆம் ஆண்டுகளில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பார்கள். காதுக்கு வந்தது சில வாட்தான். கம்ப்ரஸர் பெட்டியிலும் இப்படி இரண்டு எண்கள் உண்டு. டிஸ்ப்ளேஸ்மென்ட் என்பது பிஸ்டன் அசைவைக் கணக்கிட்டுக் காகிதத்தில் வரும் எண். எப்.ஏ.டி. என்பது குழாயில் உண்மையில் வெளியே வரும் காற்று. முதல் எண்ணைவிட இரண்டாவது எப்போதும் குறைவு. சிறிய மெஷின்களில் நன்றாகவே குறையும். கடையில் எப்.ஏ.டி. எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

உங்களுக்கு எது?

எல்லோருக்கும் கம்ப்ரஸர் தேவையில்லை என்பது என் கருத்து. வேலையைப் பொறுத்துத் தேர்வு செய்யுங்கள்.

ஒரே ஒரு கேபினட், ஒரே ஒரு கலர் என்றால் ஸ்ப்ரே டப்பா போதும். ஆட்டி அழுத்தினால் வேலை முடிந்தது. மெஷின் வேண்டாம், கழுவும் வேலை வேண்டாம். ஆனால் உள்ளே அழுத்தத்துக்காக அடைத்திருப்பது பெரும்பாலும் சமையல் கேஸ் வகை வாயுதான் என்பதை மறக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது.

கதவு, ஜன்னல், கேட் என்றால் கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் ஸ்ப்ரே கன் போதும். உள்ளேயே சிறிய டர்பைன் இருக்கும், கம்ப்ரஸர் வேண்டாம். கார் போன்ற பளபளப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சின்னச் சின்ன பொம்மை, கீபோர்டு மூடி, மவுஸ் மேல் படம் வரைவது என்றால் ஏர்பிரஷ். அதன் துளை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். 1 சி.எப்.எம். காற்றே அதிகம். சத்தமில்லாத சின்ன கம்ப்ரஸர் போதும்.

மொபெட், சைக்கிள், பீரோ, கேபினட் என்று அடிக்கடி செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் கம்ப்ரஸரும் கன்னும். கப் மேலே இருக்கும் கிராவிட்டி வகை கன், சிறிய வேலைக்கு நல்லது. குறைந்த பெயின்டிலும் கடைசிச் சொட்டு வரை இறங்கும். மேல் பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் துளை, பிரைமருக்கு அதைவிடப் பெரியது.

எச்.வி.எல்.பி. என்றால் காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு என்று பொருள். கன்னின் மூக்கில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. இந்த வகைக்கு அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் எதிர்பார்க்கும் அளவு, கன்னிலிருந்து கிளம்பும் பெயின்டில் 65 சதவீதமாவது பொருளின் மேல் ஒட்ட வேண்டும் என்பது. பழைய அதிக அழுத்த கன்களில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். காற்றோடு என்றால் எங்கே? உங்கள் ஷெட்டுக்குள். உங்கள் மூக்குக்குள்.

மேஜைக் கம்ப்யூட்டரும் கம்ப்ரஸரும்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள். மூன்றும் பட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலாவது, கம்ப்ரஸரைக் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். எங்கள் வீட்டில் கம்ப்ரஸர் கிளம்பிய ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். பெரிய பின் பிளக் உள்ள தனி பாயின்ட் கொடுங்கள்.

இரண்டாவது, கம்ப்ரஸர் காற்றால் சி.பி.யு.வைச் சுத்தம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டேங்க்கில் தேங்கும். தூசியோடு சில சொட்டுத் தண்ணீரும் மதர்போர்டின் மேல் போனது. நல்ல வேளை, ஒரு நாள் முழுக்கக் காய வைத்ததில் பிழைத்தது. தண்ணீர் வடிகட்டி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தைக் குறைத்து, தூர நின்று, பேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் டேங்க்கின் அடியிலிருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். விட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருப்பிடித்த டேங்க்கில் 8 பார் அழுத்தம் என்பது விளையாட்டு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் அடிக்கவே வேண்டாம். ஈரக் காற்றில் லாக்கர் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

கைக்குட்டை போதுமா?

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

ஸ்ப்ரே கன் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், டொலிடோ நகரில் டிவில்பிஸ் என்ற டாக்டர் இருந்தார். நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ், அதே தத்துவத்தை வைத்து 1907இல் பெயின்ட் தெளிக்கும் கன்னைச் செய்தார். தொண்டையைக் குணப்படுத்தப் பிறந்த கருவி. எங்கள் பகுதியில் எத்தனை தொண்டைகளை அது கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மாமா வேலை பார்த்த காலத்தில் அவருக்கு இருந்த பாதுகாப்பு, முகத்தில் கட்டிய கைக்குட்டை. இன்று பெரிய தோல் தொழிற்சாலைகளில் இந்த வேலையை மெஷின்தான் செய்கிறது. தோல் நகர்ந்து வரும்போது சென்சார் அதன் வடிவத்தைப் பார்க்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, தோல் இருக்கும் இடத்தில் மட்டும் கன்னைத் திறக்கும். பறக்கும் பெயின்டைப் பிடிக்கத் தண்ணீர்த் திரை, வெளியே தள்ள பெரிய பேன். அதாவது, தொழிற்சாலைகள் மனிதனை அந்தக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருகின்றன. அதே நேரத்தில் நாம், ஆன்லைனில் ஆர்டர் செய்து, மூடிய ஷெட்டுக்குள் நாமாகவே போய் நிற்கிறோம். இது சரியா?

"மாஸ்க்தான் இருக்கிறதே" என்பார்கள். 2020க்குப் பிறகு எல்லோர் வீட்டிலும் என்95 மாஸ்க் கிடக்கிறது. அது தூசியையும் துளியையும் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. சந்தேகமிருந்தால், பெயின்ட் அடிக்கும் இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். வாசனை வந்தால் ஆவி உள்ளே வருகிறது என்று பொருள். வேண்டியது, இரண்டு பக்கமும் கார்பன் வடிகட்டி உள்ள ரப்பர் மாஸ்க். அதில் ஆர்கானிக் ஆவிக்கான வடிகட்டி என்று எழுதியிருக்க வேண்டும். அதன் மேல் துளிகளுக்கான வடிகட்டியும் வேண்டும். வடிகட்டிக்கு ஆயுள் உண்டு. வாசனை வந்தால் மாற்றுங்கள். வேலை இல்லாதபோது காற்றுப் புகாத கவரில் போட்டு வையுங்கள்.

இந்த மாஸ்க்கும் போதாத பெயின்ட் ஒன்று இருக்கிறது. கார்களுக்கு அடிக்கும் 2கே வகை. பெயின்ட் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அதற்கு எச்சரிக்கும் வாசனை கிடையாது. வடிகட்டி தீர்ந்தது உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை அது உடம்புக்கு ஒவ்வாமல் போனால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொடுக்கும் வசதி இருப்பவர்கள் அடிக்க வேண்டிய பெயின்ட் அது. வீட்டு ஷெட்டுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் இப்போது நன்றாகவே வருகிறது. ஆரம்பிப்பவர்கள் அதில் ஆரம்பியுங்கள். அதற்கும் மாஸ்க் உண்டு.

அடுத்தது தீ. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஷெட்டை ஒட்டியிருப்பது சமையலறையா, பூஜை அறையா? விளக்கு எரிகிறதா? இன்வெர்ட்டர் இருக்கிறதா? தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீனுக்கு 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி வந்துவிடும். நம் ஊரில் மார்கழிக் காலையில்கூட அதைவிட வெப்பம் அதிகம். கம்ப்ரஸரின் சுவிட்ச்சிலும் பொறி வரும். ஆகவே கம்ப்ரஸரை வெளியே வைத்து, நீளமான ஹோஸில் காற்றை உள்ளே கொண்டு வாருங்கள். சாதாரண எக்ஸாஸ்ட் பேன் வழியாக ஆவியை இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் திறந்து வைத்து, காற்று உங்கள் முதுகிலிருந்து வெளியே போகும்படி நில்லுங்கள். இரண்டு பக்கமும் திறக்க முடியாத ஷெட் என்றால், அது பெயின்ட் அடிக்கும் இடமில்லை. மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ போங்கள்.

மிச்சம் எங்கே போகிறது?

கன்னைக் கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றுவதுதான் வழக்கம். நானும் ஊற்றப் போனேன். பாலாற்றுப் பக்கத்துக்காரன் அதைச் செய்யக் கூடாது. தோல் கழிவால் பாலாறு கெட்டது குறித்து வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. தொழிற்சாலைக்குச் சொன்ன நியாயம், அளவு சிறியது என்பதால் எனக்கு இல்லாமல் போகுமா? கழுவிய தின்னரை ஒரு தகர டப்பாவில் மூடி வையுங்கள். அடியில் வண்டல் படிந்ததும், மேலே தெளிந்ததை அடுத்த முறை கழுவப் பயன்படுத்தலாம்.

என் பட்டியல்

கையிலிருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். முதலில் மாஸ்க், கண்ணாடி, கையுறை, காற்றோட்டம். இரண்டாவது தனி மின் இணைப்பு. மூன்றாவது, தேவை என்றால் மட்டும் கம்ப்ரஸர், தண்ணீர் வடிகட்டியோடு. கடைசியாக, அந்தக் கம்ப்ரஸரின் எப்.ஏ.டி.க்குள் அடங்கும் கன். பணம் பாதியிலேயே தீர்ந்துவிட்டதா? ஸ்ப்ரே டப்பாவை வாங்குங்கள். இல்லையென்றால் தகடுகளைக் கழற்றி, பக்கத்துப் பெயின்ட் பட்டறையில் கொடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? மாதம் ஒரு நாள்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். மாமாவும் முதலில் அரை நாள் கூலிக்குத்தான் போனார். வயிற்றுப் பிழைப்புக்காக அந்தக் காற்றில் நின்றவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆசைக்காக நிற்கும் நமக்கு இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பெயரே கலவை. ஆகவே கலவையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பெயின்டும் தின்னரும் சேரும் அளவை டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். காற்றும் மூச்சும் சேரும் அளவை யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அந்த டி.வி.எஸ். 50க்குக் கடைசியில் மாமாதான் பெயின்ட் அடித்தார். நான் அடிக்கிறேன் என்றால் கேட்கவில்லை, கையில் கன்னைப் பார்த்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு நிபந்தனை போட்டேன், புது மாஸ்க்கைப் போட்டால்தான் கன் தருவேன் என்று. "பன்னி மூஞ்சி மாதிரி இருக்குடா" என்று சிரித்தார். போட்டுக்கொண்டு இரண்டு கோடு அடித்தார். திடீரென்று நிறுத்திவிட்டு டப்பாவைப் பார்த்தார்.

"என்னடா, பெயின்ட் வாசனையே வரலை? சரக்கு பழசா?"

"புதுசுதான் மாமா. நீங்க அடிங்க."